சீயஸ் பிறந்த இரண்டு மலைகள்

1986ஆம் ஆண்டில் லாங்கன்தால் ஊரில் கிரேக்கத் தெய்வங்களுக்கு முறைப்படி பூசை செய்யத் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் பத்மநாதன். சாவகச்சேரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், இங்கே ஓர் உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கிரேக்கத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அந்த நாட்டுக் கப்பலில் வேலைக்குப் போன மச்சான் ஒருவன் தாடியோடு திரும்பி வந்தான் என்பது மட்டும்தான்.

இந்தப் பட்டம் அவருக்குக் கிடைத்தது நெற்றியால். ஒரு வெள்ளிக்கிழமை விபூதி பூசிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார். அன்றைக்குப் பரிமாறுகிற பெண் சுகமில்லை என்று நின்றுவிட்டாள். முதலாளியம்மா ஃபிறவு லூத்தி வேறு வழியில்லாமல் சூப்பை பத்மநாதனின் கையில் கொடுத்து மூலை மேசைக்கு அனுப்பினார். அந்த மேசையில் டொக்டர் எஷ்லிமன் இருந்தார். ஊசி போடுகிற டொக்டர் அல்ல, படித்துப் பெற்ற டொக்டர். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்க மொழி படிப்பித்து, கடைசி வருடத்தில் படிக்க ஒரே ஒரு பிள்ளை மிஞ்சியதோடு ஓய்வுபெற்றவர்.

டொக்டர் சூப்பைப் பார்க்கவில்லை, நெற்றியைத்தான் பார்த்தார். அது சாம்பலா என்று கேட்டார். பத்மநாதன் ஓம் என்றார். பலிபீடத்துச் சாம்பலா என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த ஊர்ப் பாஷையான டொச் பத்மநாதனிடம் அப்போது குசினி அளவில்தான் இருந்தது. சட்டி, சூடு, கெதியாய், முடிந்தது என்பவற்றுக்கு அப்பால் அது போகாது. பெரியவர் ஆசையாகக் கேட்கிறாரே என்று அதற்கும் ஓம் சொல்லிவைத்தார். டொக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். தான் ஆயுள் முழுக்க எழுத்தில் மட்டும் படித்த ஒரு மதத்தின் ஆள், சூப்புக் கோப்பையோடு நேரில் வந்து நிற்கிறான் என்று அவர் நினைத்துவிட்டார்.

பத்மநாதனுக்கு மதத்தில் அப்படியொன்றும் பெரிய பிடிப்பு இல்லை. ஊரில் திருவிழாவுக்குப் போவார், தேர் இழுப்பார், கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். இப்போது அவருக்கு இருந்த ஒரே வேண்டுதல் விசா. மனைவி யோகாம்பாளும் ஏழு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். விசா கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம், கிடைக்காவிட்டால் இவரை அங்கே அனுப்புவார்கள். யோகாம்பாள் கடிதம் எழுதும்போதெல்லாம் முதல் வரியில் சுகம் கேட்பாள், இரண்டாம் வரியில் விசாவைக் கேட்பாள். மிச்சம் முழுக்க மகள் எழுதிப் பழகிய எழுத்துகள் இருக்கும்.

விசா ஏன் இழுபட்டது என்றால், பத்மநாதனின் கதை தலைநகர் பேர்னிலுள்ள அகதிகள் கந்தோரில் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தது. வந்து இறங்கியபோது நடந்த முதல் விசாரணையில், ஆமி வீட்டுக்கு வந்து தம்பி குகநாதனைப் பிடித்துக்கொண்டு போனது, அந்த நேரம் தான் வீட்டில் இல்லை என்று சொன்னார். பிறகு தவராஜாவிடம் போனார். தவராஜாவின் தொழில் அகதி விசாவுக்குக் கேஸ் எழுதுவது. ஊரில் தபாற்கந்தோரில் முத்திரை குத்திக்கொண்டிருந்த அந்தக் கைக்குள் இவ்வளவு கற்பனை இருந்ததை அங்கே யாரும் அறியவில்லை. இங்கே வந்துதான் அது வெளிப்பட்டது. அகதிகள் வரிசையில் நின்று அவரிடம் தங்கள் துன்பத்தைத் திருத்தி வாங்கிப் போனார்கள்.

"அண்ணை, நீங்கள் சொன்னதில ஒரு கேஸும் இல்லை," என்றார் தவராஜா. "ஆமி தம்பியைப் பிடிச்சது. நீங்கள் வீட்டில இல்லை. அப்ப தம்பிக்கெல்லோ விசா குடுக்கவேணும். உங்களுக்கு எதுக்குத் தருவாங்கள்?"

பத்மநாதன் சொன்னார், "அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டே தெரியாது, தவராஜா."

"அதுதான் சொல்லுறன். ரெண்டு பேரையும் பிடிச்சது எண்டு போடுவம். நீங்கள் லொறியில இருந்து குதிச்சு ஓடினியள். விசாரணைக்குப் போகேக்க கொஞ்சம் நொண்டி நடவுங்கோ."

அப்படியே சொன்னார், அப்படியே நொண்டினார். உள்ளே போகும்போது இடது காலாலும் வெளியே வரும்போது வலது காலாலும் நொண்டியதை அதிகாரி குறித்துக்கொண்டதாகப் பின்னாளில் தெரியவந்தது.

டொக்டர் எஷ்லிமனுக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அவர் பத்மநாதனை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு அழைத்துக் கோப்பி கொடுத்தார். நல்ல மனிதர். தன்னுடைய பழைய குளிர் கோட்டைக் கொடுத்தார், டொச்சும் சொல்லிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் பத்மநாதனுக்குப் பலிபீடம், தூபம், பாதாள உலகம் ஆகியவற்றுக்கு டொச் தெரிந்திருந்தது. பல்லுவலிக்கு மட்டும் இன்னமும் விரலால் காட்டவேண்டியிருந்தது.

டொக்டரைத் தலைவராகக் கொண்டு ஊரில் பழைய உலக நண்பர்கள் சங்கம் என்று ஒன்று இருந்தது. பதினொரு பேர். எந்தத் தெய்வம் தன் பிள்ளைகளை விழுங்கியது, எது காளையாக மாறி யாரைத் தூக்கிக்கொண்டு போனது என்று நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். 86 ஆனி மாதம் ஊருக்கு மேலேயுள்ள மேட்டில், கிரேக்கத் தெய்வங்களின் அரசனான சீயஸுக்கு ஒரு பூசை செய்து பார்ப்பது என்று தீர்மானித்தபோதுதான் சிக்கல் வந்தது. கதை எல்லாம் தெரிந்த அந்தப் பதினொரு பேரில், பூசை நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே பத்மநாதன் பூசகர் ஆனார். கதை ஒன்றும் தெரியாது, ஆனால் கைக்கு எல்லாம் தெரியும்.

"கிரேக்கர்களிடம் வேத புத்தகம் கிடையாது," என்று டொக்டர் அவருக்கு விளக்கினார். "நீ நம்புகிறாயா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கதைகளைப் புலவர்கள் சொன்னார்கள், ஊருக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். மதம் கதையில் இல்லை. பலியைச் சரியாகக் கொடுத்தாயா என்பதில்தான் மதம் இருந்தது."

"எங்கட ஊரிலயும் அப்பிடித்தான்," என்றார் பத்மநாதன். அன்றைக்குத்தான் அவர் விளங்காத கேள்விக்கு ஓம் சொல்லாமல், விளங்கிப் பதில் சொன்னார்.

பூசைக்கு மூன்று கூட்டங்கள் நடந்தன. மயக்காமல் மிருகத்தை வெட்ட இந்த நாட்டுச் சட்டம் விடாது என்பதால், இறைச்சிக்கடையில் ஆட்டின் தொடை எலும்பும் கொழுப்பும் வாங்கினார்கள். நெருப்பு மூட்ட நகரசபையில் அனுமதி எடுத்தார்கள். தீயணைப்புப் படையிலிருந்து இருவர் வந்து, சீயஸ் மீறி ஏதும் செய்துவிடாதபடி பக்கத்தில் நின்றார்கள். சங்கத்தார் வெள்ளைக் கட்டில்விரிப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பத்மநாதன் வேட்டி கட்டியிருந்தார். எல்லாரிலும் அவர்தான் பார்வைக்குக் கிரேக்கராக இருந்தார்.

அவர் கைகழுவினார், பீடத்துக்குத் தண்ணீர் தெளித்தார், வலமாகச் சுற்றினார். வாற்கோதுமை மறந்துபோனதால் அரிசியை எடுத்து வீசினார். மழை ஈரத்தில் விறகு பற்றவில்லை. மடியிலிருந்து கர்ப்பூரக் கட்டி ஒன்றை எடுத்து வைத்தார், குப்பென்று பிடித்தது. கொழுப்பில் சுற்றிய எலும்பை நெருப்பில் போட்டார். பிறகு வைனை எடுத்து நிலத்தில் ஊற்றத் தொடங்கினார். முழுப் போத்தலையும் ஊற்றினார். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சங்கப் பொருளாளர் ஒரு அடி முன்னால் வந்து, அடையாளத்துக்குக் கொஞ்சம் போதும் என்றார்.

"தெய்வத்துக்குக் கொஞ்சம் எண்டு குடுக்கக்கூடாது," என்று சொல்லி, பத்மநாதன் அடுத்த போத்தலைத் திறந்தார். பொருளாளர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

நல்ல இறைச்சியை மனிதர்கள் சுட்டுச் சாப்பிட்டார்கள். புரோமிதியஸ் என்பவன் சீயஸை ஏமாற்றி எலும்பையும் கொழுப்பையும் தெரிவுசெய்ய வைத்தான், அதனால்தான் தெய்வங்களுக்குப் புகையும் மனிதருக்கு இறைச்சியும் என்று டொக்டர் கதை சொன்னார். பிள்ளையார் மோதகத்தைப் பார்ப்பார், நாங்கள் சாப்பிடுவோம், அங்கே ஏமாற்றவேண்டிய தேவை இருக்கவில்லை என்றார் பத்மநாதன். பூசை செய்கிற நாளில் மச்சம் மாமிசம் சாப்பிடக்கூடாது என்று அவர் உருளைக்கிழங்கு சலாதோடு நிறுத்திக்கொண்டார். இறைச்சி தொடாத ஓர்ஃபியஸ் வழியினரின் விரதமோ என்று டொக்டர் குறிப்பெடுத்தார்.

சாப்பிட்டு முடிந்ததும் யாரோ ஒருவர், சீயஸ் பிறந்தது கிரீட் தீவு மலையிலா ஆர்க்கேடியா மலையிலா என்று கேட்டார். டொக்டர் உற்சாகமாகிவிட்டார். இரண்டிலும்தான் என்றார். கிரீட்டில் ஒரு குகை காட்டுவார்கள், ஆர்க்கேடியாவில் ஒரு மலை காட்டுவார்கள், இரண்டு இடத்திலும் பூசை நடந்தது. சாகாத தெய்வமான அவருக்குக் கிரீட்டில் சமாதிகூட இருந்ததாம். "எது உண்மை என்று கேட்பவன் கிளார்க்," என்றார் டொக்டர். "இரண்டும் உண்மை என்று பார்ப்பவன் அறிஞன்."

பத்மநாதனுக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கியது. இரண்டு கதையைத் தாங்கக்கூடிய ஒரு மனிதர் இந்த நாட்டில் இருக்கிறார் என்று மனம் குளிர்ந்தது. மேட்டிலிருந்து இறங்கி வரும் வழியில் எல்லாவற்றையும் சொன்னார். முதல் விசாரணை, இரண்டாம் விசாரணை, தவராஜா, லொறி, நொண்டல் எல்லாம். டொக்டர் நின்றுவிட்டார். அவர் முகம் பிரகாசித்தது.

"இரண்டு சகோதரர்கள்," என்றார். "ஒருவன் பாதாளத்துக்குப் போகிறான், ஒருவன் மீள்கிறான். புராணத்து இரட்டையர் காஸ்டரும் பொலிடியூக்கஸும். நான் எழுதுகிறேன். பேர்னுக்கு நானே எழுதுகிறேன்."

கடிதம் பன்னிரண்டு பக்கம் வந்தது, அதற்குக் கீழே அடிக்குறிப்புகள் முப்பத்தொன்று. கோப்பை கழுவுகிற ஒருவனுக்காக இவ்வளவு எழுதியிருக்கிறாரே என்று பத்மநாதன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோகாம்பாளுக்கு, பெரிய படிப்பாளி ஒருவர் கைகொடுத்திருக்கிறார், இனிப் பயமில்லை என்று எழுதினார். அவள் அந்த வாரமே மகளுக்குக் குளிர்ச்சட்டை பின்னத் தொடங்கினாள்.

அடுத்த வருடம் பங்குனியில் பேர்னிலிருந்து பதில் வந்தது. குசினியில் வைத்து ஃபிறவு லூத்தி அதை வாசித்துக் காட்டினார். விண்ணப்பம் நிராகரிப்பு. விண்ணப்பதாரர் கூறிய இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று முரண். தவிர, அவரை ஆதரித்து எழுதிய அறிஞரே, சகோதரர் இருவரில் ஒருவர் இருளுக்குள் போக மற்றவர் தப்புகிற இந்தக் கதை கிரேக்கம் முதல் இந்தியா வரை பரவிய பழைய புராணம் என்பதைச் சான்றுகளோடு நிறுவியிருக்கிறார். ஆகவே குகநாதன் என்ற சகோதரர் இருந்தார் என்பதையே ஏற்பதற்கில்லை.

ஃபிறவு லூத்தி கடிதத்தை மடித்தார். "சூப்பில் உப்புக் குறைவு என்பதைச் சொல்லவே அந்த மனிதருக்கு அரை மணித்தியாலம் வேணும்," என்றார். "உனக்கு எழுதச் சொல்ல வேறு ஆளில்லையா?"

பத்மநாதன் ஏப்பிரனைக் கழற்றாமலே டொக்டர் வீட்டுக்குப் போனார். டொக்டர் கடிதத்தை வாங்கி மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முதுகு நிமிர்ந்தது. தன் கட்டுரையை அவர்கள் ஏழாம் பக்கம் வரை வாசித்திருக்கிறார்கள் என்றார். நாற்பது வருடத்தில் தன்னை யாரும் ஏழாம் பக்கம் வரை வாசித்ததில்லை என்றும் சொன்னார்.

"ஐயா, என்ட தம்பி இல்லையாம்," என்றார் பத்மநாதன்.

டொக்டர் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். பத்மநாதன் ஒரே ஒரு உதவிதான் கேட்டார். இன்னொரு கடிதம் வேண்டும். சின்னதாக. இந்த மனிதனை எனக்குத் தெரியும், இவனுக்கு ஒரு தம்பி இருந்தான், அது புராணமில்லை என்று மூன்று வரி.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு சொன்னார், "முதலில் ஒன்று எழுதிவிட்டேன். இப்போது வேறு மாதிரி எழுதினால், என் இரண்டு கடிதமும் ஒன்றையொன்று மறுக்கும். பிறகு என் சொல்லை யார் நம்புவார்கள்?"

பத்மநாதன் அவர் முகத்தையே பார்த்தார். சீயஸுக்கு இரண்டு மலை இருக்கலாம், சமாதியும் இருக்கலாம். டொக்டர் எஷ்லிமனுக்கு ஒரு கடிதத்துக்கு மேல் முடியாது. கோபம் வரும் என்று பார்த்தார், வரவில்லை. இந்த மனிதரிடம் போய் இரண்டு கதையையும் கொட்டினேனே என்று வெட்கமாகத்தான் இருந்தது. "சரி ஐயா, நான் வாறன்," என்று சொல்லிவிட்டு வந்தார். குளிர் கோட்டை அடுத்த நாள் தோய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மேன்முறையீட்டை எழுதித் தருவதாகத் தவராஜா ஆள் அனுப்பினார். இந்த முறை கிணற்றுக்குள் ஒளிந்து தப்பியதாக வைத்து எழுதலாமாம். பத்மநாதன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தானே இருந்து தமிழில் எழுதினார். மொழிபெயர்க்கக் கொடுத்தவர், இதையோ அனுப்பப்போகிறீர்கள் என்று இருமுறை கேட்டார்.

88 ஐப்பசியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விசா கிடைத்ததோ இல்லையோ என்று அந்தரப்படுகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம். கிடைத்தது. அடுத்த வருடம் யோகாம்பாள் வந்தாள், பின்னிய குளிர்ச்சட்டை மகளுக்கு அளவு சிறிதாகிப் போயிருந்தது. ஆனால் பத்மநாதனைப் பற்றிச் சொல்ல வந்தால் அந்த ஒரு நாளைச் சொல்லாமல் விட முடியாது.

அதிகாரி இளம் வயதுக்காரர். மேசையில் கோப்பு தடிப்பாக இருந்தது, டொக்டரின் பன்னிரண்டு பக்கத்தால் இன்னும் தடித்திருந்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்தார். பத்மநாதன் நொண்டாமல் நடந்து போய் இருந்தார்.

"முதல் கதையில் நீங்கள் வீட்டிலேயே இல்லை," என்றார் அதிகாரி. "இரண்டாம் கதையில் பிடிபட்டுத் தப்பினீர்கள். இப்போது மூன்றாவதாக, வீட்டு வளவுக் கக்கூசுக்குள் ஒளிந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்."

பத்மநாதன் சொன்னார். ஆமி தம்பியைத் தேடி வரவில்லை. பத்மநாதன் தன் கடையில், ஆயுதம் தூக்கிய இயக்கப் பொடியளின் சைக்கிள் திருத்துகிறார் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, தாளில் அவருடைய பெயரை எழுதிக்கொண்டு வந்தது. அவர் அந்த நேரம் கக்கூசுக்குள் இருந்தார். தகரக் கதவின் ஓட்டையால் எல்லாம் தெரிந்தது. முற்றத்தில் குகநாதன் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். இருபத்திரண்டு வயது. இடது பெருவிரலில் சூடு பட்ட தழும்பு உண்டு. ஆர் பத்மநாதன் என்று கேட்டார்கள். அவன் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பினான்.

"நான்தான் எண்டு சொன்னான்," என்றார் பத்மநாதன்.

அதிகாரியின் பேனா நின்றது.

"கதவு உள்ளுக்குக் கொளுவியிருந்தது. தட்டிவிட்டால் வெளியில வந்திருக்கலாம். நான் கொளுக்கியை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். லொறிச் சத்தம் போய் முடியுமட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

"இதை ஏன் நீங்கள் முதலில் சொல்லவில்லை?" என்று கேட்டார் அதிகாரி. "உங்களைத் தேடி வந்தது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்கள் கதை பலமாக இருந்திருக்குமே. மூன்றில் இதை நான் ஏன் நம்பவேண்டும்?"

"முதல் ரெண்டு கதையிலயும் எனக்கு மரியாதை இருக்கு, ஐயா. இதில இல்லை. தனக்கு மரியாதை இல்லாத கதையை ஒருத்தரும் இட்டுக்கட்ட மாட்டினம்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதிகாரி எழுதினார். வேறொன்றும் கேட்கவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டி, சரியென்றால் ஒவ்வொரு தாளின் அடியிலும் கையொப்பம் வைக்கும்படி தாள்களைத் திருப்பி வைத்தார்.

ஐந்து தாள்கள். பத்மநாதன் பேனாவை எடுத்தார். பெயரை எழுதவேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு போட்டிருந்தது. அவர் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். மொழிபெயர்ப்பாளர் குனிந்து, அண்ணை, இதில உங்கட பேரை எழுதினால் காணும் என்றார்.

"அது அவன்ர பேர்," என்று சொல்லி, பத்மநாதன் அந்த மேசையில் தலையை வைத்து அழுதார்.